டேனியல் சாரின் நாற்காலி

என் வாழ்நாளில் நான் ஒரே ஒருவரைத்தான் கொன்றிருக்கிறேன். அவர் பிறக்கவே இல்லை என்பதால் போலீஸ் வரவில்லை. ஆனால் முப்பத்து மூன்று வருஷமாக ஒவ்வொரு ஆகஸ்டிலும் அவருக்காக ஐந்நூறு பேர் எழுந்து நின்று ஒரு நிமிஷம் மௌனம் காக்கிறார்கள். அந்த ஐந்நூறில் நானும் ஒருவன். முன்வரிசையில் நிற்கிறேன்.

செகந்திராபாத் பக்கத்தில் ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் காலனிப் பள்ளியில் 1992-ல் முதல் நாடக விழா நடந்தது. சுற்றுவட்டாரத்து உயர்நிலைப் பள்ளிகள் ஏழு கலந்துகொண்டன. நான் அப்போது எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தேன். அலமாரியில் இருப்பதை இருக்கிறது என்று எழுதும் வேலை. பகல் முழுக்க அதை எழுதுகிறவனுக்கு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இல்லாததைப் பற்றிப் பேசத் தோன்றும். அது ஒரு குற்றமா? பெற்றோர் சங்கத்தில் எனக்கு நாற்காலிப் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள். வாடகைக்கு வந்த இரும்பு நாற்காலிகளில் ஒன்றுக்கு இடது பின்கால் உடைந்திருந்தது. அது எப்படியோ முன்வரிசை நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. எடுத்தால் பல் விழுந்த மாதிரி இடைவெளி தெரியும். விட்டால் தலைமை விருந்தினர் விழுவார். நான் அதன்மேல் ஒரு சால்வையைப் போர்த்தி ஒரு ரோஜாப் பூவை வைத்தேன்.

தலைமையாசிரியர் வந்து பார்த்தார்.

"இது யாருக்கு நடேசன்?"

"டேனியல் சாருக்கு சார்."

"எந்த டேனியல்?"

"இந்த விழா நடத்தணும்னு மொதல்ல யோசனை சொன்னாரே, அவரு. போன மாசம் தவறிட்டாரு."

தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் அவர். பத்து நிமிஷம் கழித்து மேடையேறி, "என் நெருங்கிய நண்பர் டேனியல்" என்று ஆரம்பித்து, குரல் கம்ம, எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னார். நானும் நின்றேன். எனக்கு அழுகை வந்தது. எப்படி வந்தது என்று இன்றுவரை விளங்கவில்லை.

அதற்கப்புறம் டேனியல் சாரை நான் தொடவில்லை. அவரே வளர்ந்தார். இரண்டாம் வருஷம் அழைப்பிதழில் பெயர் வந்தது. ஐந்தாம் வருஷம் டேனியல் நினைவுக் கோப்பை வந்தது. ஒன்பதாம் வருஷ மலரில், "'ஒத்திகைக்கு நேரத்தில் வாருங்கள்' – டேனியல் சார்" என்று கட்டம் கட்டிப் போட்டார்கள். அதை யார் சொன்னார்கள் என்று எனக்கும் தெரியாது. வாடகைக் கடைக்காரர் தன் நாற்காலியைக் கேட்டு வந்தபோது அது நினைவுச்சின்னம் ஆகியிருந்தது, கும்பிட்டுவிட்டுப் போனார். இப்போது அது பிரின்சிபால் அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், அதே சால்வையோடு இருக்கிறது. விழாவன்று மட்டும் நான்கு பேர் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

நான் சொன்ன மற்றவற்றுக்கு இந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. 1997-ல் நான் டேப்பில் போட்ட மழைச் சத்தத்தைக் கேட்டு, பள்ளிக்குப் பின்தெருவில் பெண்கள் ஓடிவந்து கொடியிலிருந்த துணியை எடுத்தார்கள். எடுத்து முடித்தபோது துணி நனைந்திருந்தது. இன்னொரு வருஷம் காப்ரா ஏரிப் பக்கமிருந்து ஒரு குரங்கு மேடைக்கு வந்து, ராஜா வேஷக்காரனுக்குப் பக்கத்தில் கடைசிவரை மந்திரியாக நின்றது. நடுவர்கள் அதற்கு மூன்றாம் பரிசு கொடுத்தார்கள். பெயரைக் கூப்பிட்டும் வரவில்லையே என்று வருத்தப்பட்டார்கள். இதையெல்லாம் காலனிக்காரர்கள் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். டேனியலைக் கேட்டு மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

இனி ஹர்ஷிதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைத் தள்ளிப்போடத்தான் இவ்வளவு நேரம் குரங்கைப் பற்றிச் சொன்னேன்.

எங்கள் அடுக்ககத்தில் மூன்றாம் மாடிப் பெண். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியிருந்தாள். அப்பா கிருஷ்ணகுமாருக்குச் சொந்த ஊர் ஈரோட்டுப் பக்கம், வேலை கொண்டாப்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனி. தினமும் இரண்டு மணி நேரம் போய், இரண்டு மணி நேரம் வந்து, மிச்ச நேரத்தில் மகளின் எதிர்காலத்தைப் பற்றிப் பயப்படுவார். நல்ல மனிதர். ஒருநாள் லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க ஐயா, உங்களுக்குத் தெரியாததுங்களா? பத்தாவது முடிச்சதும் கோச்சிங் ஹாஸ்டல்ல போட்டு ரெண்டு வருசம் படிக்க வெக்கலீன்னா இந்த ஊர்ல புள்ளைக எங்கீங்க போய்ச் சேர்றது? இவ என்னடான்னா சினிமா எடுக்கோணும்ங்கறா. அழுது போட்டாளுங்க. சரி கண்ணு, ஸ்கூல்ல ஏதோ டாக்குமெண்டரி திட்டம் கேக்கறாங்களாமா, உன்னோடத எடுத்துக்கிட்டாங்கன்னா இங்கயே பதினொண்ணாவது சேந்து மீடியா படிச்சுக்கோன்னேன். எடுக்கலீன்னா ஜூன் ரெண்டாந்தேதி ஹாஸ்டல். ஒரே பேச்சுதானுங்க."

அந்த ஹாஸ்டலை நான் வெளியிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆறு மாடி. ஜன்னலெல்லாம் கம்பிவலை. காலை ஐந்து மணிக்கு மணி அடிக்கும். வீட்டோடு பேச ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம்.

திட்டம் என்ன என்றால், ஆகஸ்டில் வரும் நாடக விழாவைப் பற்றி மாணவர்களே ஒரு ஆவணப்படம் எடுக்க வேண்டும். யாரைப் பேட்டி எடுப்பது, எந்த நாளில் எதைப் படம்பிடிப்பது, எதில் தொடங்கி எதில் முடிப்பது என்று எழுதிக் கொடுத்தால், ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை கமிட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். ஹர்ஷிதா ஃபைலோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"தாத்தா, ஃப்ரீயா? டிராமா டீச்சர் வசந்தி மேம், ஒரு மனுஷன் வழியா விழாவச் சொல்லு, அப்பதான் படம் நிக்கும்னாங்க. நான் டேனியல் சாரை எடுக்கலாம்னு. அவர நேர்ல பார்த்தவங்க நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். 'அம்மாடி, அந்த ஆளே கிடையாது' என்று நான்கு சொல். காலை நேரம், வாயில் வெற்றிலைகூட இல்லை. ஆனால் அவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் பேசுவதை இதுவரை யாரும் எழுதிக்கொண்டதில்லை. டொரன்டோவில் இருக்கும் என் மகன் பாதியிலேயே சிக்னல் இல்லை என்பான்.

"கேளு," என்றேன்.

"போட்டோ இருக்கா தாத்தா?"

"நக்கோம்மா, இல்ல. போட்டோன்னா அவருக்கு ஆகாது. ஒரே ஒருதடவ குரூப் போட்டோ எடுத்தோம். கழுவிப் பார்த்தா எல்லாரும் விழுந்திருக்கோம், அவரு நின்ன எடத்துல மட்டும் செவுரு விழுந்திருக்கு."

"நிஜங்கா?" என்றாள். அவளுக்கு ஆச்சரியம் வந்தால் தெலுங்குதான் வரும். எழுதிக்கொண்டாள். "வீடு எங்க?"

மேஜைமேல் நான் அன்று காலை போவன்பள்ளி மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்த தக்காளி இருந்தது.

"போவன்பள்ளி," என்றேன். "மார்க்கெட்டுக்குப் பின்னால."

செகந்திராபாத் பக்கம் எந்தச் சந்தில் நின்று டேனியல் என்று கூப்பிட்டாலும் ஒருவராவது திரும்பிப் பார்ப்பார். மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு காரில் போவன்பள்ளி போய்விட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் என் வீட்டுக்குள் ஓடிவந்தாள்.

"தாத்தா, கிடைச்சுட்டாங்க! டேனியல் சாரோட வைஃப்!"

நான் உட்கார்ந்தேன். ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன். இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தேன்.

அவர் பெயர் அன்னம்மாள். மார்க்கெட்டில் பச்சை மிளகாய் மொத்த வியாபாரம். கணவர் டேனியல் அங்கேயே ஒரு மண்டியில் பில் எழுதிக்கொண்டிருந்தவர், நாடகப் பைத்தியம். 1990 மார்ச்சில் ஒருநாள், ஒத்திகைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. போலீஸ், பேப்பர் விளம்பரம் எல்லாம் ஆயிற்று. முப்பத்தைந்து வருஷமாகத் தகவல் இல்லை. இந்தப் பெண் போய் நின்று, நாடக விழா தொடங்கிய டேனியல் சார் வீடு இதுவா என்று கேட்டிருக்கிறாள். அந்த அம்மாள் மிளகாய் மூட்டைமேல் அப்படியே சாய்ந்துவிட்டாராம்.

"உங்களப் பார்க்கணும்ங்கறாங்க தாத்தா. படம் எடுக்கறதுக்கு முன்னாடி இதெல்லாம் பேசி நோட் பண்ணணும். நாளைக்குப் போலாம்."

போனோம். அடுக்கிய மூட்டைகளுக்கு நடுவில், தராசுக்குப் பக்கத்தில், எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார். எழுபதை நெருங்கும் வயது. கையெல்லாம் மிளகாய்க் காரம் ஏறி, முகத்தைத் தொடாமல் முழங்கையால் வியர்வையைத் துடைத்தார்.

"வாங்கண்ணா. நீங்க அவர நேர்ல பார்த்தீங்களாமே?"

"ஹவ், பார்த்திருக்கேன்," என்றேன்.

"வெளிய போயிட்டு வந்தா மொதல்ல கதவத்தான் தட்டுவாரு, அதுவும் வேஷத்தோட கொரல்ல. கிறிஸ்மஸ் நாடகத்துல ஏரோது ராஜா வேஷம் கட்டினாருன்னா ரெண்டு நாளைக்கு வீட்லயும் ஏரோதுதான். புள்ளைங்க இல்லாத வீடு, அதனால ஒண்ணும் பயமில்ல." சிரித்தார். பிறகு கேட்டார். "கடைசியா பார்த்தப்ப என்ன சட்டை போட்டிருந்தாரு?"

முப்பத்து மூன்று வருஷத்தில் டேனியலைப் பற்றி யாரும் என்னிடம் சட்டை நிறம் கேட்டதில்லை.

"வெள்ளை," என்றேன்.

"அவருகிட்ட வெள்ளைச் சட்டையே கெடையாதே."

ஹர்ஷிதாவின் பேனா நின்றது. அன்னம்மாள் ஒரு மிளகாயைக் காம்பு கிள்ளிக் கீழே போட்டார்.

"அப்பறமா வாங்கியிருப்பாரு," என்றார். "என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

"நிறைய சொல்லுவாரு. நீங்க நல்லா சமைப்பீங்கன்னு."

"நானா? சமையல் அவருதாண்ணா. நான் பொழுதெல்லாம் மார்க்கெட்ல. எனக்கு ரசம்கூட வராது." கொஞ்சம் யோசித்தார். "வெளியாள்கிட்ட பொண்டாட்டிய விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு அப்பிடிச் சொல்லியிருப்பாரு. அது அவரு குணம்தான்."

நான் சொன்ன பொய்யில் எங்கெங்கே கிழிந்ததோ அங்கெல்லாம் அந்த அம்மாள் உடனே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார். என் வாழ்நாளில் எனக்கு இப்படி ஒரு கூட்டாளி கிடைத்ததில்லை.

"தொண்ணூத்திரெண்டு ஜூலைல தவறிட்டாருன்னு பாப்பா சொல்லுச்சு," என்றார். "அப்ப ரெண்டு வருஷம் இங்கயேதான் இருந்திருக்காரு. ஏ.எஸ்.ராவ் நகர் இங்கேர்ந்து எவ்ளோ தூரம், பத்து கிலோமீட்டர் இருக்குமா? பஸ் இருக்கே." தராசின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேலை நிறைய இருந்திருக்கும். விழா ஆரம்பிக்கணும்னா சும்மாவா."

அப்புறம் இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் காட்டினார். இத்தனை வருஷத்தில் வீட்டுப் பூட்டை நான்கு முறை மாற்றினாராம். ஒவ்வொரு முறையும் இரண்டாவது சாவியைப் பக்கத்து டீக்கடையில் கொடுத்து வைப்பார். டேனியல் என்று யாராவது வந்து கேட்டால் கொடுத்துவிட வேண்டும். டீக்கடையே மூன்று கை மாறிவிட்டது. சாவி மட்டும் கை மாறிக் கை மாறி அங்கேயே இருந்தது. அன்று காலை போய் அதைத் திரும்ப வாங்கிவிட்டாராம்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் ஹர்ஷிதா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாத்தா, லாஸ்ட் ஷாட் கிடைச்சிடுச்சு. ஆன்ட்டி அந்தச் சாவிய நாற்காலி மேல வெக்கறாங்க. சவுண்ட் எதுவும் வேணாம். மியூசிக் வேணாம். சாவி இரும்புல படற சத்தம் மட்டும். இது செலக்ட் ஆகும்தானே?"

"ஆகும்," என்றேன். அன்று நான் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம்.

அதற்குப் பிறகு இருபது நாள் அவள் திட்டத்தை எழுதினாள். மாதிரி ஒன்றை எனக்குக் காட்டினாள். ஒத்திகைக்கு ஏழு பள்ளிகளிலும் எந்தெந்த நாள் போவது, மேடைக்குப் பின்னால் கேமராவை எந்த மூலையில் வைத்தால் யார் காலிலும் இடறாது, வசனம் மறந்து நிற்கும் பையனை எப்படி அவமானப்படுத்தாமல் எடுப்பது என்றெல்லாம் யோசித்து எழுதியிருந்தாள். பதினாறு வயதுப் பெண். வாசிக்க வாசிக்க அந்தப் படம் எனக்குக் கண்முன்னால் ஓடியது. சொல்லிவிடலாம் என்று ஐந்து முறை மூன்றாம் மாடிக்குப் போனேன். லிஃப்ட் இருக்கிறது. வழியில் தைரியம் வரட்டும் என்று படியில் ஏறினேன். ஐந்து முறையும் மூச்சுதான் வாங்கியது.

கமிட்டி கூடியது பிரின்சிபால் அறையில். பிரின்சிபால் ஸ்ரீனிவாஸ் தெலுங்குக்காரர். காலனியில் பாதி தமிழர்களோடு வளர்ந்ததால் தமிழ் நன்றாகவே பேசுவார். வசந்தி டீச்சர், பழைய மாணவர் சங்கத்துக்காரர் இருவர், கிருஷ்ணகுமார், நான், அன்னம்மாள். சுவரோரம் கண்ணாடிப் பெட்டியில் டேனியல் சாரின் நாற்காலி.

ஹர்ஷிதா எழுந்து பன்னிரண்டு நிமிஷம் பேசினாள். ஆங்கிலம், தெலுங்கு, தமிழ் மூன்றும் கலந்து வந்தது, ஆனால் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. முடித்தபோது வசந்தி டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிருஷ்ணகுமார் மகளைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அத்தோடு முடிந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

அன்னம்மாள் எழுந்து சாவியைப் பிரின்சிபால் மேஜைமேல் வைத்தார்.

"இத அந்த நாற்காலியோடவே வெச்சிருங்க சார். விழாவுல எடுத்துக்கலாம். இனிமே எனக்கு ரெண்டாவது சாவி வேண்டாம். வூட்டையும் காலி பண்ணிட்டு தம்பி வூட்டுக்கு மல்காஜ்கிரி போயிடறேன். இத்தனை நாளு எதுக்கு அங்க காத்திருந்தேன்? அவருக்காகத்தானே."

அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. நான் கொன்ற டேனியல் வேறு, இவர் கணவர் டேனியல் வேறு. அந்த மனிதர் எங்கேயாவது உயிரோடு இருக்கலாம். எண்பது வயதில், ஏரோது குரலில், ஒருநாள் வந்து கதவைத் தட்டலாம். வீட்டில் வேறு யாரோ இருப்பார்கள். டீக்கடையில் சாவி இருக்காது.

நான் எழுந்தேன்.

"எல்லாரும் மன்னிக்கணும். டேனியல் சார்னு ஒருத்தர் கெடையாது. தொண்ணூத்திரெண்டுல நாற்காலி கால் ஒடஞ்சிருந்துச்சு. யாரும் உக்காரக் கூடாதுன்னு நான்தான் சால்வை போட்டேன். கேட்டப்ப வாயில வந்த பேரைச் சொன்னேன்."

பிரின்சிபால் ஸ்ரீனிவாஸ் சிரித்தார். அவர் சிரித்ததும் எல்லாரும் சிரித்தார்கள்.

"நடேசன் காரு! குரங்குக்குத் தேர்ட் ப்ரைஸ் வாங்கிக் குடுத்த மனுஷன் நீங்க! இன்னிக்கு டேனியல் சாரையே காணாம பண்ணப் பாக்கறீங்களா?"

"சார், இது நிஜம்."

"மழைச் சத்தத்துல துணி நனைஞ்சதும் நிஜம்தானே?"

"அது வேற. அதுவும் நிஜம்தான். ஆனா இது..." பொய் சொல்லும்போது ஒருநாளும் தடுமாறாத நாக்கு அன்று மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

பழைய மாணவர் சங்கத்தில் ஒருவர், "என் அண்ணன் டேனியல் சார் கிட்ட பிரம்படி வாங்கியிருக்கான் சார், தழும்பு இருக்கு," என்றார். இன்னொருவர், "எங்கப்பாவுக்கு அவர்தான் மேக்கப் போட்டாரு," என்றார். தழும்போடு வந்துவிட்ட ஆளை நான் எப்படி இல்லை என்பது?

இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. ஒருவர் அன்னம்மாள். இன்னொருத்தி ஹர்ஷிதா.

"தாத்தா," என்றாள். "எந்தக் கால்?"

"இடது பின்கால்."

கண்ணாடிப் பெட்டியின் கதவைத் திறந்தாள். முப்பத்து மூன்று வருஷமாக யாரும் தூக்காத சால்வையை, மண்டியிட்டு, பின்பக்கமாகத் தூக்கினாள். இடது பின்காலில், நான் அன்று அவசரத்தில் சுற்றிய கட்டுக்கம்பி துரு பிடித்து அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தாள். சால்வையைச் சுருக்கமில்லாமல் மறுபடி இழுத்துவிட்டாள்.

"பழைய சாமான் அம்மா, ரிப்பேர் இருக்கத்தான் செய்யும்," என்றார் பிரின்சிபால். "கமிட்டி சார்பா சொல்றேன். ஹர்ஷிதா திட்டம் செலக்டட்."

கைதட்டினார்கள். கிருஷ்ணகுமார்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

வெளியே வராந்தாவில் அன்னம்மாள் என்னிடம் வந்தார். ஹர்ஷிதா எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"அண்ணா, நீங்க சொன்னது நிஜமாவே இருக்கட்டும்," என்றார். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. "ஆனா இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க. முப்பத்தஞ்சு வருஷத்துல இந்த இருபது நாளாத்தான் நான் தூங்கறேன். ராத்திரி ஏதாச்சும் சத்தம் கேட்டா எழுந்து கதவத் தெறக்கறது இல்ல."

புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

நான் ஹர்ஷிதாவிடம் சொன்னேன். "நிஜத்தையே எடும்மா. பொய் சொன்ன கெழவன்னு எடு. நான் கேமரா முன்னால உக்காந்து எல்லாத்தையும் சொல்றேன்."

"அப்ப ஆன்ட்டி?"

நான் பஸ் நிறுத்தத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"அவங்க மறுபடி டீக்கடையில சாவி குடுக்கணும்," என்றாள். "நைட்டெல்லாம் கதவு தெறந்து பாக்கணும். எனக்காகவா?"

"அப்ப எழுதினத அப்படியே எடுத்துரு. யாருக்கும் தெரியப் போறதில்ல. நான் செத்தா அதுவும் போச்சு."

"எனக்குத் தெரியுமே தாத்தா. எப்படி எடிட் பண்ணுவேன்? ஒவ்வொரு ஷாட்லயும் எனக்கு அந்தக் கம்பிதான் தெரியும்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என்னைத் திட்டவாவது செய்வாள் என்று காத்திருந்தேன். ஃபைலை நெஞ்சோடு வைத்துக்கொண்டு உள்ளே போய், திட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, மனசு மாறிவிட்டது என்றாளாம். அவள் காரணம் சொல்லியிருந்தால் அன்னம்மாளின் தூக்கம் அந்த அறையிலேயே போயிருக்கும்.

கிருஷ்ணகுமாரைப் பிடித்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஐயா, உங்க கதையெல்லாம் கேக்க நல்லாத்தானுங்க இருக்கும். குரங்குக் கதைய ஆபீஸ்லகூடச் சொல்லியிருக்கேனுங்க. இது புள்ளையோட வாழ்க்கைங்க. செலக்ட் பண்ணிக் குடுத்ததையே வேண்டாம்ங்கறாளே, இவளுக்கு எதுலயும் நெலையில்லீங்க. ஹாஸ்டல்தான் சரி."

ஜூன் இரண்டாம் தேதி காரில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பக்கெட், ஒரு மெத்தை. நான் கீழே நின்றிருந்தேன். "பை தாத்தா," என்றாள். ஃபைலைக் கொண்டுபோகவில்லை. பழைய பேப்பர்க்காரன் எடைக்கு எடுத்துப்போனதில் அது கிடந்ததைப் பார்த்து நான் வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் பேச விடுகிறார்கள். முதல் மாதம் பத்து நிமிஷமும் பேசினாளாம். இப்போது அப்பா என்ன கேட்டாலும் 'சரே', 'ஓகே' என்கிறாளாம். மிச்ச எட்டு நிமிஷம் இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

பள்ளிக்கூடம் சும்மா இருக்கவில்லை. திட்டத்தின் நகல் ஒன்று பிரின்சிபாலிடம் இருந்தது. கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரை அமர்த்தினார்கள். அவர் ட்ரோனோடு வந்தார். பிரம்படித் தழும்பைக் கிட்டத்தில் எடுத்தார். ஆகஸ்ட் விழாவில், மேடைக்கு முன்னால், அன்னம்மாள் சாவியை நாற்காலிமேல் வைத்தபோது வயலின் அழுதது. சாவி இரும்பில் பட்ட சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. அந்த அம்மாள் உடம்பு கொஞ்சம் தேறியிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அன்று கூட்டம் வருவதற்கு முன்பே நான் விழாவுக்குப் போயிருந்தேன். டேனியல் சாரின் நாற்காலிக்கு வலது பக்கம் எனக்கு இடம். எனக்கு அடுத்த நாற்காலியில் என் கைக்குட்டையை விரித்து வைத்தேன். அன்று தள்ளுவண்டியில் ரோஜா கிடைத்தது. ஒன்று வாங்கி அதன்மேல் வைத்தேன்.

கூட்டம் நிறைந்துகொண்டே வந்தது. மேடையில் நடிக்கப்போகும் ஒரு பையனின் அம்மா, நெற்றியில் வியர்வையோடு, இடம் தேடிக்கொண்டு வந்தார்.

"அங்க்கிள், இது யாருக்கு?"

"ஹர்ஷிதான்னு ஒரு பொண்ணு. பதினாறு வயசு. இந்த விழாவப் படம் எடுக்கறதுக்கு அவதான் திட்டம் போட்டா. எல்லாத்தையும் அவ்வளவு அழகா எழுதினா. என்னாலதான் அவளுக்கு எடுக்க முடியாமப் போச்சு."

"வருவாங்களா?"

"வரமாட்டா."

அந்த அம்மா கைக்குட்டையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். ரோஜா கீழே விழுந்தது. நான் குனிவதற்குள், டேனியல் சாருக்காக எல்லாரும் எழுந்து நிற்கும்படி மைக்கில் சொன்னார்கள். நின்றேன்.